பெருவிரல் சொல்லும் சாட்சி



தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த நம் எல்லாருக்கும் 'கைநாட்டு' என்ற சொல் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவரைக் கேலியாகச் சுட்டுகின்ற சொல் அது. நாம் சிறு பிள்ளையாக இருந்த காலத்தில், சம்பள நாளன்று தோட்டத்து ஆபீசின் முன்னால் பாட்டிமார்கள் வரிசையாக நிற்பார்கள். மேசைமேல் மைப்பெட்டி இருக்கும். கிராணி பெயரை வாசித்ததும், ஒவ்வொருவரும் பெருவிரலை மையில் ஒற்றிப் புத்தகத்தில் பதிப்பார்கள். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகளாகிய நாம் பார்த்துவிடக் கூடாதே என்று, மை பட்ட விரலைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு வீடு திரும்புவார்கள்.

அண்மையில் நம்மிடம் படித்த மாணவி ஒருத்தி விடுமுறைக்கு வீடு வந்திருந்தாள். அவள் கோலாலம்பூரில் சட்டம் படிக்கிறாள். தடய அறிவியல் என்னும் பாடத்தை அப்போதுதான் தொடங்கியிருந்தாள். குற்றம் நடந்த இடத்தில் கிடைக்கும் பொருள்களையும் அடையாளங்களையும் அறிவியல் முறைப்படி ஆராய்ந்து, நீதிமன்றத்துக்கு உதவுகின்ற துறைதான் தடய அறிவியல். அவள் நம்மிடம் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் அமர்ந்திருந்த அவளுடைய பாட்டி மெல்லக் கேட்டார்:

"ஏன் சார், நான் கைநாட்டுத்தானே. ஒரு தடவ கடனுக்காக ஒரு தாள்ல விரல் வச்சேன். அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. வாங்குனது ஒரு தொகை, அவங்க கேட்டது வேற தொகை. கோர்ட்டுக்குப் போயிருந்தா, என் விரல் எனக்குச் சாட்சி சொல்லுமா, இல்ல அவங்களுக்கா?"

நேயர்களே, இது சட்டக் கல்லூரியில் கேட்க வேண்டிய கேள்வி. இதற்கு விடை சொல்ல வேண்டுமானால், விரல் ரேகை நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்த வரலாற்றை முதலில் அறிய வேண்டும். இன்றைய உரையில் அதைக் காண்போம்.

வானொலிப் பெட்டியின் அருகில் அமர்ந்திருக்கும் நீங்கள், உங்கள் பெருவிரலின் நுனியைச் சற்று உற்றுப் பாருங்கள். உழுத வயலைப்போல் மெல்லிய வரப்புகள் ஓடுவது தெரியும். சிலருக்கு அவை ஒரு பக்கத்தில் தொடங்கி, வளைந்து, அதே பக்கம் திரும்பும். இது வளையம். சிலருக்கு நீர்ச்சுழிபோல் சுற்றிச் சுற்றி வரும். இது சுழி. இன்னும் சிலருக்கு ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும். இது வில். இந்த வரப்புகள் தாயின் வயிற்றில் குழந்தை வளரும்போதே உருவாகிவிடுகின்றன. ஒரே உருவில் பிறந்த இரட்டைப் பிள்ளைகளுக்கும் அவை ஒன்றுபோல் அமைவதில்லை.

மரம் வெட்டிப் பாலெடுத்து, உளி பிடித்து, ஆசிட்டிலும் கைவைத்த நம்மவர் விரல்களில் இந்த வரப்புகள் தேய்ந்து மங்கியிருக்கும். ஆனால், தோலின் ஆழத்தில் உள்ள மூலம் அழியாத வரையில், ஓய்வு கிடைத்ததும் அதே கோடுகள் அதே இடத்தில் மீண்டும் எழும். ஆழமான காயம் பட்டால்தான் நிலையான தழும்பு உண்டாகும். மனிதனின் முகம் மாறும், முடி நரைக்கும், கையெழுத்தும் மாறும். விரல் ரேகை மாறுவதில்லை.

இதை உலகம் எப்படிக் கண்டுபிடித்தது? சீனாவில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒப்பந்தங்களில் விரல் பதிக்கும் வழக்கம் இருந்தது. எனினும், இன்றைய முறையின் வரலாறு வங்காளத்தில் தொடங்குகிறது எனலாம். 1858ஆம் ஆண்டு, ஜங்கிபூர் என்னும் ஊரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி இருந்தார். சாலை போடுவதற்கான பொருளைக் கொண்டுவந்து தர, ராஜ்யதர் கோனாய் என்ற உள்ளூர்க்காரரோடு அவர் ஒப்பந்தம் செய்தார். கையெழுத்து வாங்குவதற்குப் பதிலாக, அலுவலக முத்திரைக்கு வைத்திருந்த மையைக் கோனாயின் உள்ளங்கையில் தடவித் தாளில் பதித்துக்கொண்டார்.

அதற்குக் காரணம் என்ன? "இது என் கையெழுத்து அல்ல" என்று கோனாய் பின்னால் மறுத்துவிடக் கூடாது, அவருக்கு ஓர் அச்சம் இருக்க வேண்டும் என்பதே. இதை ஹெர்ஷலே பிற்காலத்தில் எழுதி வைத்தார். ஆகவே, இந்த முறை பிறந்தபோது அதன் தாய் அறிவியல் அல்ல. ஆளுகின்றவர் ஆளப்படுகின்றவர்மீது கொண்ட ஐயம்.

ஆனால் ஹெர்ஷல் அத்தோடு நின்றுவிடவில்லை. தம் விரல் ரேகையையும் நண்பர்களின் ரேகைகளையும் பல ஆண்டுகள் இடைவெளி விட்டு எடுத்து ஒப்பிட்டார். அவை மாறவில்லை என்பதைக் கண்டார். 1877இல் ஹூக்ளி மாவட்டத்தில் பத்திரப் பதிவிலும், ஓய்வூதியம் வழங்குவதிலும், சிறையிலும் விரல் பதிக்கும் முறையைக் கொண்டுவந்தார். இறந்துபோனவர் பெயரில் வேறொருவர் பணம் வாங்குவதும், ஒருவர் தண்டனையை இன்னொருவர் அனுபவிப்பதும் இதனால் தடைபடும் என்று அவர் கருதினார்.

அதே காலத்தில் ஜப்பானில் வேறொரு மனிதர் இந்த வரப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பெயர் ஹென்றி ஃபால்ட்ஸ். தோக்கியோவில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மருத்துவர். பழங்காலப் பானை ஓடுகளில் குயவரின் விரல் தடம் பதிந்திருப்பதைக் கண்டு இதில் ஈடுபாடு கொண்டார். திருடன் ஒருவன் வெள்ளைச் சுவரில் ஏறியபோது கரி படிந்த விரல் தடத்தை விட்டுச் சென்றிருந்தான். ஃபால்ட்ஸ் அதை ஒப்பிட்டுப் பார்த்து, சந்தேகிக்கப்பட்டவரின் தடம் அது அல்ல என்று காட்டினார். 1880இல் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில் அவர் எழுதிய கடிதம், குற்றவாளியைக் கண்டுபிடிக்க விரல் ரேகை உதவும் என்று உலகுக்கு அறிவித்தது.

நேயர்களே, இதை நினைவில் வையுங்கள். குற்றத் துப்பறிதலில் விரல் ரேகை செய்த முதற் பணிகளுள் ஒன்று, குற்றமற்றவரைக் காப்பாற்றியது.

அடுத்து, 1892ஆம் ஆண்டு. பிரான்சிஸ் கால்ட்டன் என்னும் ஆங்கில அறிஞர் விரல் ரேகைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஒரு கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகக் கிளைக்கிறது என்பன போன்ற நுண்ணிய குறிகளை வைத்து ரேகைகளை ஒப்பிடும் முறையை அவர் விளக்கினார். அதே ஆண்டில் அர்ஜென்டினா நாட்டில் நெகோச்சேயா என்ற ஊரில் இரண்டு குழந்தைகள் கொலையுண்டார்கள். தாய் பிரான்சிஸ்கா ரோஹாஸ், பக்கத்தில் வாழ்ந்த ஒருவனைக் கைகாட்டினாள். அவனைப் பிடித்துத் துன்புறுத்திக் கேட்டார்கள், அவன் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு கதவில் பதிந்திருந்த இரத்த விரல் தடத்தை, ஹுவான் வுசெட்டிச் என்ற காவல்துறை அதிகாரியின் முறைப்படி ஒப்பிட்டார்கள். அது தாயின் விரல் தடமே! அவள் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். அடியும் உதையும் காட்டாத உண்மையை ஒரு பெருவிரல் காட்டியது.

ரேகையை ஒப்பிடலாம், சரி. ஆனால், ஆயிரக்கணக்கான தாள்கள் குவிந்து கிடக்கும்போது நமக்கு வேண்டிய ஒன்றை எப்படித் தேடி எடுப்பது? இந்தச் சிக்கலைத் தீர்த்த பெருமை கல்கத்தாவைச் சேரும். வங்காளக் காவல்துறைத் தலைவர் எட்வர்ட் ஹென்றியின்கீழ் அஸிஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்னும் இரண்டு இந்திய அதிகாரிகள் பணியாற்றினார்கள். அவர்கள் வகுத்த கணக்கு இது. பத்து விரல்களையும் ஐந்து சோடிகளாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விரலிலும் சுழி இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் பாருங்கள். ஒரு சோடிக்கு நான்கு வழிகள் உண்டு. ஐந்து சோடிக்கு நான்கை ஐந்து முறை பெருக்கினால் 1024. ஆகவே 1024 அறைகள் கொண்ட ஓர் அலமாரி. எவருடைய தாளானாலும் அது எந்த அறைக்குரியது என்று உடனே சொல்லிவிடலாம். இந்த முறையில் 1897இல் கல்கத்தாவில் விரல் ரேகைக் காப்பகம் தொடங்கப்பட்டது.

உலகம் இதை 'ஹென்றி முறை' என்று பெயரிட்டது. கணக்குப் போட்ட ஹக்கின் பெயரும் போஸின் பெயரும் நெடுங்காலம் வெளியே தெரியவில்லை. பின்னாளில்தான் அரசாங்கம் அவர்களுக்குப் பட்டமும் பரிசும் அளித்தது. உழைத்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் வேறொருவர் என்பது தோட்டத்துக்கு மட்டும் உரிய கதை அன்று போலும்!

அதே 1897இல், இந்தப் புதிய முறைக்குச் சோதனை வந்தது. அது வந்த இடம் ஒரு தேயிலைத் தோட்டம்.

வங்காளத்தின் வடக்கே ஜல்பைகுரி மாவட்டத்துத் தோட்டம் ஒன்றின் மேலாளர், கழுத்து அறுபட்டுப் படுக்கையில் இறந்துகிடந்தார். அவருடைய பணப்பெட்டி கொள்ளையிடப்பட்டிருந்தது. யார்மீது முதலில் ஐயம் விழுந்தது? அக்காலத்தில் 'கூலிகள்' என்று அழைக்கப்பட்ட தோட்டத் தொழிலாளர்மீதே விழுந்தது. மேலாளர் வேலை வாங்குவதில் கடுமையானவர், ஆகவே தொழிலாளருக்கு அவர்மீது பகை இருக்கும் என்று எண்ணினார்கள். சமையற்காரனின் துணியில் இரத்தக்கறை இருந்தது. அவனையும் சந்தேகித்தார்கள். அந்தப் பக்கம் வந்துபோன நாடோடிக் கூட்டத்தையும் சந்தேகித்தார்கள்.

நேயர்களே, அந்த லயங்களில் அன்று இரவு எத்தனை குடும்பங்கள் உறங்காமல் இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். துரைமார் ஆட்சி, இறந்தவரோ மேலாளர், யாராவது ஒருவர் அகப்பட்டாக வேண்டும். எழுதத் தெரியாத ஒரு தொழிலாளி, "நான் செய்யவில்லை" என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

மேலாளரின் பெட்டியில் வங்காளப் பஞ்சாங்கம் ஒன்று கிடந்தது. அதன் அட்டையில் பழுப்பு நிறக் கறை இரண்டு தெரிந்தன. அது இரத்தம் என்று ஆராய்ச்சியில் உறுதியாயிற்று. அதில் ஒன்று, வலது பெருவிரலின் தடம். கல்கத்தாக் காப்பகத்து அலமாரியில் தேடினார்கள். காங்காலி சரண் என்பவனின் தாள் கிடைத்தது. அவன் அந்த மேலாளரிடம் முன்பு வேலைக்காரனாக இருந்து, திருடியதற்காகச் சிறை சென்றவன். வெகுதொலைவில் உள்ள பீர்பூம் மாவட்டத்தில் அவனைப் பிடித்தார்கள். விரலும் தடமும் பொருந்தின. தொழிலாளர்மீதிருந்த பழி நீங்கியது.

ஆனால் கதை இன்னும் முடியவில்லை. வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தபோது, நீதிமன்றம் ஒரு கேள்வியை எழுப்பியது. பெருவிரல் காங்காலி சரணுடையதுதான். அவன் அந்தப் பெட்டியைத் தொட்டான் என்பதும் தெரிகிறது. ஆனால், கொலையை அவன் செய்தான் என்பதை அந்த விரல் சொல்கிறதா? கொலையைக் கண்டவர் ஒருவரும் இல்லையே! ஆகவே திருட்டுக்குத் தண்டனை வழங்கப்பட்டது. கொலைக் குற்றத்துக்கு அவன் தண்டிக்கப்படவில்லை. 1898இல் உயர்நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது.

நம்முடைய மாணவி போன்ற சட்ட மாணவர் எல்லாரும் கற்க வேண்டிய முதற் பாடம் இதுவே. தடயம் தான் அறிந்ததை மட்டுமே சொல்லும். விரல் ரேகை, "யார் தொட்டது?" என்ற கேள்விக்கு விடை சொல்லும். "எப்போது தொட்டார், ஏன் தொட்டார், தொட்டபோது அவர் மனத்தில் என்ன இருந்தது?" என்ற கேள்விகளுக்கு அது வாய் திறக்காது. அவற்றுக்கு வேறு சாட்சியம் தேட வேண்டும்.

இந்த வழக்குக்குப் பின், 1899இல் இந்தியச் சாட்சியச் சட்டம் திருத்தப்பட்டது. வல்லுநரின் கருத்தைக் கேட்கத்தக்க பொருள்களில் விரல் பதிவும் சேர்க்கப்பட்டது. ஹென்றி இலண்டனுக்குச் சென்று, 1901இல் அங்கும் காப்பகத்தை நிறுவினார். 1905இல் இலண்டனின் டெப்ட்ஃபோர்டு பகுதியில் ஒரு கடைக்காரரும் அவர் மனைவியும் கொல்லப்பட்டபோது, பணப்பெட்டியில் பதிந்த ஒரு பெருவிரல் தடம் ஸ்ட்ராட்டன் சகோதரர் இருவரையும் தூக்கு மேடைக்கு அனுப்பியது. அந்த வழக்கில் எதிர்த்தரப்புக்கு உதவ வந்தவர் யார் தெரியுமா? தோக்கியோவில் நாம் கண்ட அதே மருத்துவர் ஃபால்ட்ஸ். ஒரே ஒரு விரல் தடத்தை நம்பி உயிரைப் பறிக்கலாமா என்பது அவருடைய கவலை.

நம் மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் இந்தியச் சட்டத்தைத் தழுவி எழுந்தது. அதன் 45ஆம் பிரிவு, கையெழுத்தைப் பற்றியும் விரல் பதிவைப் பற்றியும் வல்லுநரின் கருத்தை நீதிமன்றம் கேட்கலாம் என்கிறது. கையெழுத்தும் கைநாட்டும் ஒரே வரியில், அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்று உயர்வு, மற்றொன்று தாழ்வு என்று சட்டம் சொல்லவில்லை.

விரல் ரேகைக்கு இன்னொரு முகமும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஹென்றி 1900இல் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, அங்கே காவல்துறையைச் சீரமைத்தார். சில ஆண்டுகளில் திரான்ஸ்வால் அரசாங்கம், இந்தியர் அனைவரும் விரல் ரேகை கொடுத்துப் பதிந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் செய்தது. குற்றம் செய்யாத ஓர் இனத்தையே குற்றவாளிபோல் நடத்துவதா என்று காந்தியடிகள் எதிர்த்தார். அவரோடு 1908இல் சிறை சென்றவர்களில் தமிழர் தம்பி நாயுடு ஒருவர். அதே ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள், ஜோஹானஸ்பர்க் நகரில் பள்ளிவாசல் வளாகத்தில் கூடிய இந்தியர், தங்கள் பதிவுச் சான்றிதழ்களைப் பெரிய கொப்பரையில் இட்டுக் கொளுத்தினார்கள். தானாக முன்வந்து கொடுத்தால் அது ஒருவரின் அடையாளம். இழிவுபடுத்திப் பிடுங்கினால் அது விலங்கு. இதுவே அவர்கள் உணர்த்திய பாடம்.

நம் நாட்டில் 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது, 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் அடையாள அட்டை வழங்கப்பட்டது. அதில் படமும் பெருவிரல் ரேகையும் இருந்தன. தோட்டத்துத் துரையும் விரல் பதித்தார். மரம் வெட்டுகிறவரும் பதித்தார். 2001இல் வந்த மைகாட் அட்டையின் சில்லிலும் பெருவிரல் ரேகை இருக்கிறது. இன்று பட்டதாரியும் அமைச்சரும் அலுவலகத்துக்குப் போனால் விரலைத்தான் கருவியின்மேல் வைக்கிறார்கள். அந்த வகையில் நாம் எல்லாரும் கைநாட்டுகளே!

விரல் ரேகை தவறுவதே இல்லையா என்று கேட்பீர்கள். ரேகை தவறாது, அதைப் படிக்கும் மனிதர் தவறலாம். 2004ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், ஸ்பெயின் நாட்டின் மாட்ரிட் நகரில் தொடர்வண்டிகளில் குண்டு வெடித்தது. ஒரு பையில் கிடைத்த அரைகுறைத் தடம், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து வழக்கறிஞர் ஒருவருடையது என்று அந்நாட்டு எஃப்.பி.ஐ. வல்லுநர்கள் உறுதியாகச் சொன்னார்கள். அவர் ஏறக்குறைய இரண்டு வாரம் காவலில் இருந்தார். பிறகு, அது வேறொருவரின் தடம் என்று ஸ்பெயின் காவல்துறை கண்டது. எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது. பின்னர் அரசாங்கம் இழப்பீடும் கொடுத்தது. தெளிவான தடமா, எத்தனை குறிகள் பொருந்துகின்றன, வேறு சாட்சியம் இருக்கிறதா என்று கேட்கக் கற்றுக்கொள்வதற்காகவே நம் பிள்ளைகள் சட்டம் படிக்கிறார்கள்.

இப்போது பாட்டியின் கேள்விக்கு வருவோம். "என் விரல் எனக்குச் சாட்சி சொல்லுமா, அவங்களுக்கா?"

ஜல்பைகுரி நீதிமன்றம் அளித்த வெளிச்சத்தில் நாம் அவரிடம் சொன்னது இதுதான். "அம்மா, அந்தத் தாளைத் தொட்டது நீங்கள் என்று உங்கள் விரல் சொல்லும். அதை நீங்கள் மறுக்க முடியாது, மறுக்கவும் வேண்டாம். ஆனால், அதில் எழுதியிருந்ததை உங்களுக்குப் படித்துக் காட்டினார்களா, நீங்கள் புரிந்துகொண்டு சம்மதித்தீர்களா என்பதை விரல் சொல்லாது. அது தனிக் கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அதற்கு உடனிருந்தவரின் சாட்சி வேண்டும்."

பாட்டி சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அன்னைக்கு என்கூட ஒருத்தரும் வரல சார்" என்றார். பேத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆகவே நேயர்களே, வீட்டுக் கூரை எதுவானாலும் அதன்கீழ் கடைப்பிடிக்க வேண்டிய பழக்கங்கள் சில உண்டு. வெறுந்தாளில் ஒருபோதும் விரல் வைக்காதீர்கள். எழுதியிருப்பதை உங்கள் மொழியில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். படிக்கத் தெரிந்த, நம்பிக்கையான ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளையானாலும் போதும், துணைக்கு ஆகும். தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதச் சொல்லுங்கள். ஒரு படியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் ஒரு மணி நேரம் பிள்ளைகளிடமே அமர்ந்து எழுத்தும் கற்றுக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

விரல் ரேகை ஏழையை மிரட்டுவதற்காக வந்த கருவி. ஆயினும், ஜல்பைகுரியில் ஒரு தோட்டத்து மக்களின் பழியைத் துடைத்ததும் அதுவே. கருவி ஒன்றுதான், அதைப் பற்றி அறிந்தவன் கையில் அது காவல், அறியாதவன் கையில் அது கண்ணி. மை பட்ட விரலை இனிச் சேலைத் தலைப்புக்குள் மறைக்க வேண்டியதில்லை. உலகில் வேறு எவரிடமும் இல்லாத அடையாளம் அந்த விரல். அதைத் தாளில் வைக்கும் முன், தாளில் இருப்பதை அறிந்துகொள்வோம்.